அறிக்கை கொழும்பு என்கிறது, பொதி மல்லாவிக்குப் போகிறது

முள்ளியவளைத் தூள்காரி எழுதியது:

வணக்கம். பிரச்சினை தலைப்பிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முள்ளியவளையில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல் மா, அரிசி மா செய்து விற்கிறேன். செத்தல் மிளகாயும் மல்லியும் என் முற்றத்தில் காய்கின்றன, விறகடுப்பில் வறுபடுகின்றன. அரைப்பதற்கு மட்டும் தண்ணீரூற்றில் உள்ள மில்லுக்குப் போகின்றன. எட்டு வருடமாக வாய்ச்சொல்லிலேயே ஓடிய வியாபாரம் இது. போன வருடம் அண்ணனின் மகன் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்து நின்றபோது ஓர் இணையத்தளம் செய்து தந்தான். தளத்துக்கு யார் எப்போது எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸையும் அதில் பூட்டிவிட்டு, “மாமி, இனி நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விளம்பரம் போடத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு போட்ட காலத்தில் எனக்கு நட்டம் வந்ததில்லை. திறந்த பிறகுதான் வந்தது.

நடந்தது இதுதான். அறிக்கையில் நகரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. தளத்தைப் பார்ப்பவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர் கொழும்பு என்று அது காட்டியது. முல்லைத்தீவு என்ற பெயர் பட்டியலின் அடியில், இரண்டே இரண்டு பேருடன் கிடந்தது. அதில் ஒன்று நான் என்று நினைக்கிறேன். இணைய வணிகம் பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் போயிருந்தேன். அங்கே ஒருவர், “வாடிக்கையாளர் எங்கே நிற்கிறாரோ அங்கே காசைப் போடுங்கள்” என்றார். நானும் கேட்டேன். அதுவரை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று காட்டிய முகநூல் விளம்பரத்தை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் திருப்பினேன். மாடி வீட்டுக்காரருக்கு ஏற்றபடி 100 கிராம் சிறு பொதி அடித்தேன். படத்துக்குக் கீழே ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதுவித்தேன். காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில்தான் ஆட்கள் அதிகம் என்று இன்னோர் அட்டவணை சொன்னது. அதனால் வறுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு காலை ஆறரைக்குப் பதிவு போட்டேன். ஒருநாள் மல்லி கருகியும் போனது.

ஆறு வாரத்தில் 18,000 ரூபாய் போனது. கொழும்பிலிருந்து வந்த ஓடர் ஐந்து. அதிலும் இரண்டு பேர் மருமகனின் கூட்டாளிகள். “அவன் வாங்கச் சொன்னான் அன்ரி” என்று ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டான், நல்ல பிள்ளை. இதற்கிடையில் கிழமைக்கு இருபதுக்குக் குறையாமல் வந்த ஓடர் பன்னிரண்டாகிவிட்டது. என் கொப்பியைப் புரட்டினால் மல்லாவி, விசுவமடு, நெடுங்கேணி, பரந்தன், ஒட்டுசுட்டான் என்றுதான் இருக்கிறது. பொதிகளில் பாதியை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கொழும்புக்கு அனுப்ப வாங்கிய பெட்டிகளில் இப்போது கோழி முட்டை வைத்திருக்கிறேன்.

கருவி பொய் சொல்கிறதா, நான் வாசித்ததில் பிழையா? இதை மூடிவிடலாமா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு வகுப்புக்குப் போகச் சொல்லாதீர்கள்.

வவுனியா அச்சகக்காரன் எழுதியது:

அக்கா, நான் லேபல் அடிப்பவன். கேட்டுக்கொண்டால் சில கடைகளின் பக்கங்களையும் பார்த்துக்கொடுக்கிறேன். நீங்கள் விழுந்த கிடங்கில் நானும் விழுந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அந்த நகரம் என்பது ஊகம். பார்ப்பவரின் இணைய இணைப்புக்கு உள்ள ஐபி முகவரியை, அதாவது அந்த இணைப்பின் அடையாள எண்ணை, வைத்து அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கணிக்கிறார்கள். நாடு பெரும்பாலும் சரியாக வரும். ஊர் அப்படியல்ல. கைத்தொலைபேசி டேட்டாவில் பார்க்கும்போது, அந்த நிறுவனத்தின் வலையமைப்பு எந்த இடத்தில் வெளி இணையத்தோடு சேர்கிறதோ அந்த இடத்தின் பெயர் விழுந்துவிடக்கூடும். ஆள் மல்லாவிக் குளக்கட்டில் நின்று உங்கள் தூளைப் பார்ப்பார், அறிக்கை அவரை கொழும்பில் நிறுத்திவிடும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வயர் இணைப்பு வைத்திருப்பவர் எத்தனை பேர்? எல்லாரும் றீலோட் போட்டுப் பார்ப்பவர்கள்தானே.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். வைஃபையை நிறுத்திவிட்டு, உங்கள் தொலைபேசி டேட்டாவில் தளத்தைத் திறவுங்கள். அதே நேரம் இன்னொரு தொலைபேசியில் அனலிட்டிக்ஸின் நிகழ்நேர அறிக்கையைப் பாருங்கள். நான் என் கடையில் இருந்து செய்தபோது என்னைக் கொழும்பில் காட்டியது. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

காலை 7 மணி என்பதும் எனக்கு நெருடுகிறது. நம் ஊரில் அந்த நேரம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் அமளி. சரக்குத்தூள் படம் பார்க்க யாருக்கு நேரம்? நிர்வாகப் பகுதியில் நேர வலயம் என்ன என்று இருக்கிறது பாருங்கள். அனலிட்டிக்ஸைத் தளத்தில் பூட்டும்போது அதைக் கவனிக்காமல் விட்டால் அமெரிக்க நேரத்திலேயே இருந்துவிடும். லொஸ் ஏஞ்சலிஸ் நேரம் என்றிருந்தால், இப்போதைய கோடைக் கணக்கில் நமக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணித்தியாலம். அங்கே காலை 7 என்றால் இங்கே இரவு ஏழரை.

மூன்றாவது விசயம் பெரியது. உங்கள் அறிக்கையில் ‘டைரெக்ட்’ என்று ஒரு பெரிய கூட்டம் நிற்கும். முகவரியை நேராகத் தட்டி வந்தவர்கள் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்த நீள முகவரியை யார் தட்டுவார்? அநேகமாக அவர்கள் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பை அமத்தி வந்தவர்கள். வாட்ஸ்அப் தான் அனுப்பியதாக அடையாளம் விடுவதில்லை. எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவரை எல்லாம் கருவி அந்த மூட்டைக்குள் போட்டுவிடும். இதற்கு வழி யூடிஎம் குறிச்சொற்கள். இணைப்பின் வாலில் எந்த வழி, எந்த வகை, எந்தப் பிரசாரம் என்று மூன்று சொல் ஒட்டி அனுப்ப வேண்டும். 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயர்தான் அந்த ‘யூ’வில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு. நானும் என் கடைப் பையனும் ஆளுக்கொரு விதமாக எழுதி, ஒரே வாட்ஸ்அப்பை மூன்று வரியாகப் பிரித்து வைத்திருந்தோம். எப்போதும் சின்ன எழுத்தில் எழுதுங்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் இணைப்புகளில் ஒட்டாதீர்கள், முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்குக் குழம்பும்.

ஓடர் வாட்ஸ்அப்பில்தானே எடுக்கிறீர்கள்? அப்படியானால் விற்பனை நடந்ததை அனலிட்டிக்ஸ் பார்ப்பதே இல்லை. ஆள் வாட்ஸ்அப் பொத்தானை அமத்துவது வரைக்கும்தான் அதற்குக் கண் தெரியும். தளத்தை விட்டு வெளியே போகும் சொடுக்குகளை அது தானாகவே பதிகிறது. அவற்றில் வாட்ஸ்அப்புக்குப் போவதை மட்டும் தனி நிகழ்வாகப் பிரித்து, முக்கிய நிகழ்வு என்று குறித்துவிடுங்கள். முன்பு இதை ‘கன்வெர்ஷன்’ என்றார்கள், 2024இல் பெயரை மாற்றிவிட்டார்கள். மருமகனுக்குச் சொன்னால் பத்து நிமிட வேலை.

கிளிநொச்சித் தேன்காரர் எழுதியது:

தங்கச்சி, தம்பி சொன்னது எல்லாம் சரியாக இருக்கலாம். எனக்குப் பாதி விளங்கவில்லை.

என்னுடைய அனலிட்டிக்ஸ் 80 பக்கக் கொப்பி. யார் கூப்பிட்டாலும் முதலில் எந்த ஊர் என்று கேட்பேன், பிறகு எங்கே கண்டீர்கள் என்று கேட்பேன். அவ்வளவுதான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் விற்கும் ஒரு அம்மாவின் கடையில் என் போத்தல்கள் ஆறு இருக்கும். ஏ9 வீதி வழியாகப் போகிறவர் எல்லாரும் அங்கே இறங்கிக் கும்பிடுகிறவர்கள். எந்த விளம்பரமும் அந்த ஆறு போத்தலுக்கு ஈடாகவில்லை. நான் காசு கட்டி ஒரு பதிவும் போட்டதில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். “எங்கே கண்டீர்கள்” என்றால் முக்கால்வாசிப் பேர் “முகநூலில்” என்கிறார்கள். எனக்கு முகநூல் பக்கமே கிடையாது.

கனடா ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

அக்கா, நான் உங்களிடம் நாலு தரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் கொப்பியில் என் பெயர் இருக்காது. விசுவமடுவில் இருக்கும் என் அம்மாவின் பெயர்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை இங்கே பத்து, பத்தரைக்கு கோப்பியோடு இருந்து உங்கள் படத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வவுனியாவில் இருக்கும் தங்கைக்குச் சொல்வேன். அவள் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவாள், காசும் அவள் கணக்கிலிருந்து வரும், பொதி அம்மாவிடம் போகும். ஆக, பார்ப்பது நான், கேட்பது தங்கை, சாப்பிடுவது அம்மா. தேன் அண்ணை எந்த ஊர் என்று கேட்டால் தங்கை வவுனியா என்பாள். அதுவும் பொய்யில்லைதானே.

எனக்கு வேண்டியது விலைக்கழிவு அல்ல. பொதி அம்மாவின் கையில் போய்ச் சேர்ந்ததென்று ஒரு படம் வந்தால் போதும். இரண்டாவது தரம் உங்கள் பொதியைக் கொண்டுபோன பையன் ஒரு படம் எடுத்து அனுப்பினார். அதை எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன், அடுத்த கிழமை லண்டனில் இருக்கும் அண்ணாவும் தன் மாமியாருக்கு அனுப்புவித்தார். பிறகு அந்தப் படம் வருவதே இல்லை. ஏன் நிறுத்தினீர்கள்?

முள்ளியவளைத் தூள்காரி எழுதியது (நான்கு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவும், செய்து பார்க்காமல் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

அச்சகத் தம்பி, நேர வலயம் லொஸ் ஏஞ்சலிஸ்தான். மருமகனிடம் சொன்னேன், தொலைபேசியில் சத்தமே இல்லை. நான் காலை ஆறரைக்கு எழும்பி மல்லியைக் கருக்கியதெல்லாம் எதற்காக என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. இப்போது கொழும்பு நேரத்துக்கு மாற்றிவிட்டான். பழைய கணக்கு பழைய நேரத்திலேயே நிற்குமாம், இனி வருவதுதான் சரியாக இருக்குமாம். உண்மையான கூட்டம் இரவு ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். தங்கச்சி ஸ்காபரோவில் கோப்பி குடிக்கும் நேரமும் அதுதான் என்பதை யாராவது கவனித்தீர்களா? இங்கே சோறு சாப்பிட்டு முடித்தவரும் அங்கே காலைச் சாப்பாட்டுக்கு இருப்பவரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். நவம்பரில் கனடாவில் மணிக்கூட்டை மாற்றும்போது இடைவெளி பத்தரை மணித்தியாலமாகிவிடும், அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நிகழ்நேரச் சோதனையும் செய்தேன். என் முற்றத்தில், மிளகாய்ப் பாய்க்குப் பக்கத்தில் நின்றபடி கொழும்புக்காரியாகிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

இன்னொன்றும் வெளியே வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பார்வை வந்தால் அதில் பத்துப் பன்னிரண்டு எங்களுடையது. நான் விலை சரியா என்று பார்க்கிறேன், மருமகன் படம் சரியா என்று பார்க்கிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் படம் இருப்பதால் பார்க்கிறாள். சொந்தப் பார்வையை வடிகட்ட வழியிருக்கிறது, ஆனால் அதுவும் ஐபி முகவரியை வைத்துத்தானாம். டேட்டாவில் அது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன்: விலை பார்க்க வேண்டுமென்றால் சுவரில் இருக்கிற பலகையைப் பார்.

தேன் அண்ணை, உங்கள் சொல்லையும் விடவில்லை. கொப்பியில் இப்போது மூன்று கோடு கிழித்திருக்கிறேன். பொதி எங்கே போகிறது, யார் கேட்டார், காசு யாருடையது. மூன்றாவதைக் கேட்பது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. “படம் எடுத்து யாருக்கு அனுப்ப வேண்டும்?” என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள் என்று பிறகு கண்டுபிடித்தேன். மூன்று கிழமையில் 46 ஓடர். அதில் 17 பொதிகளின் படம் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது. இதை அனலிட்டிக்ஸும் எனக்குச் சொல்லவில்லை, பழைய கொப்பியும் சொல்லவில்லை.

தங்கச்சி, படத்தை நிறுத்தியது நான்தான். கொழும்புக்காரர் வேலையில் இருப்பார்கள், படம் அனுப்பித் தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்த வகுப்பில் சொன்னதைக் கேட்டு எல்லாருக்கும் நிறுத்திவிட்டேன். இப்போது திரும்பவும் அனுப்புகிறேன், படத்தின் கீழே குறிச்சொல் ஒட்டிய இணைப்போடு.

சேர்ச் கொன்சோலையும் மருமகன் திறந்து காட்டினான். ஆட்கள் கூகுளில் என்ன எழுதித் தேடும்போது நம் தளம் கண்ணில் படுகிறது என்று அது காட்டுகிறது. பதினாறு மாதக் கணக்கு இருக்கும், மிகக் குறைவானவர்கள் தேடிய சொற்களை மட்டும் மறைத்துவிடும். அங்கே வயிற்றெரிச்சல் காத்திருந்தது. வன்னித் தூள் என்று ஒருவரும் தேடவில்லை. எல்லாம் யாழ்ப்பாணத்துத் தூள், அதுவும் ஆங்கில எழுத்தில். மிளகாய் நெடியில் நான் இங்கே தும்முகிறேன், பெயர் அங்கே போகிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தளத்தில் “யாழ்ப்பாணத்து முறை, முள்ளியவளையில் வறுத்தது” என்று எழுதுவித்தேன். பொய்யும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆடி, ஆவணியில் வந்து போகிறவர்கள் தேடும் தேடலும் ஒன்று இருந்தது: விமானத்தில் தூள் கொண்டு போகலாமா என்பது. அதற்கு ஒரு பக்கம் எழுதி, இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் ஒட்டித் தருவதாகப் படமும் போட்டிருக்கிறேன். உங்கள் நாட்டுச் சுங்க விதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன்.

இப்போது என் புதுக் கேள்வி. இரண்டு விளம்பரப் படம் போட்டேன், காசு சமமாக. ஒன்றில் தூள் குவியல், மற்றதில் அடுப்படியில் என் கை. குவியலுக்கு 7 ஓடர், கைக்கு 11 ஓடர். இனி என் கையை மட்டும் போடலாமா?

வவுனியா அச்சகக்காரன் எழுதியது:

அவசரப்படாதீர்கள் அக்கா. ஒரு காசை 18 தரம் சுண்டுங்கள். தலை எத்தனை, பூ எத்தனை என்று எண்ணுங்கள். இப்படி 18 தரம் சுண்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால், கிட்டத்தட்ட பாதி முறை 11க்கு 7 என்றோ அதைவிடக் கூடிய வித்தியாசத்திலோதான் வரும். காசில் ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கெட்டது என்று இல்லையே. இன்னும் இரண்டு மாதம் இரண்டையும் ஓடவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது. கொழும்புக்குத் திருப்பியதால்தான் ஓடர் இருபதிலிருந்து பன்னிரண்டானது என்று முதலில் எழுதினீர்கள். அந்த இருபது எந்த மாதம்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னால் என்றால், வைகாசியில் உங்கள் பக்கம் வீடு வீடாக விருந்தினர் அல்லவா. விளம்பரத்தைத் திருப்பாமல் இருந்திருந்தாலும் பொங்கல் முடிந்ததும் கொஞ்சம் இறங்கியிருக்கும். முழுப் பழியையும் உங்கள் தலையில் போடாதீர்கள். அடுத்த வைகாசியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்கு அனலிட்டிக்ஸில் தரவு வைத்திருக்கும் காலத்தை இன்றைக்கே 14 மாதமாக்கிவிடுங்கள். தொடக்கத்தில் அது 2 மாதத்தில்தான் நிற்கும். மருமகன் செய்துவைத்த மணித்தியால அட்டவணை போன்றவற்றுக்கு அதற்கு முந்தையது கிடைக்காது, அழிந்தது திரும்பி வராது.

முள்ளியவளைத் தூள்காரி எழுதியது:

இருபது என்பது சித்திரை, வைகாசிக் கணக்குத்தான். நீங்கள் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை தம்பி. கோயில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், நானே அந்தப் பொங்கலுக்கு மூன்று நாள் கடையை மூடினேன்.

14 மாதம் ஆக்கிவிட்டேன். காசு சுண்டும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன், முதல் முறையே 12க்கு 6 வந்ததென்று ஓடி வந்தாள். நந்திக்கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, பாயில் பத்துக் கிலோ மல்லி கிடக்கிறது. மிச்சத்தை இரவு எழுதுகிறேன்.